பாகப்பிரிவினைப் பட்டியலில் வராதவை

மொகஞ்சதாரோவில் தோண்டி எடுத்த மாலை ஒன்று. பச்சைக் கல்மணிகளும் பொன் வில்லைகளும் கோத்தது. 1947இல் நாடு பிரிந்தபோது அது யாருக்கு என்ற பேச்சு வந்தது. கிடைத்த மண் பாகிஸ்தானுக்குப் போய்விட்டது. பொருளோ இந்தியாவின் பொறுப்பில் இருந்தது. கடைசியில் மாலையை அவிழ்த்து, மணிகளை எண்ணி, ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டார்கள். நாலாயிரம் வருஷத்துக்கு மேல் மண்ணுக்குள் கிடந்து பிழைத்த நகை, ஒரு கமிட்டியிடம் பிழைக்கவில்லை.

நம் ஊர்ப் பாகப்பிரிவினைகளைப் பார்த்தவர்களுக்கு இது ஒன்றும் அதிசயம் இல்லை. அண்டா குண்டாவில் ஆரம்பித்து, கிணற்றில் அரைப் பங்கு, புளியமரத்தில் கால் பங்கு வரைக்கும் பத்திரத்தில் எழுதுவோம். 1947இலும் அதேதான் நடந்தது. ரொக்கத்திலும் கடனிலும் பாகிஸ்தானுக்கு 17.5 சதவீதம். மேஜை, நாற்காலி, டைப்ரைட்டர் போன்ற அசையும் பொருள்களில் 80க்கு 20. படைப்பிரிவுகளில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் கூடுதல். துப்பாக்கி, குண்டு செய்யும் ஆலைகள் 16 இருந்தன; பதினாறும் இந்திய மண்ணில். அவற்றைத் தூக்கிக்கொண்டு போக முடியுமா? பதிலுக்குப் பணம் என்று முடிவானது. கராச்சியில் புதிய அரசாங்கம் தகரக் கொட்டகைகளில் வேலையைத் தொடங்கியது. குண்டூசி இல்லாமல் கருவேல முள்ளால் காகிதங்களைக் குத்தி வைத்தோம் என்று அந்தத் தலைமுறை அதிகாரிகள் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். ரூபாய் நோட்டு? இந்திய நோட்டின் மேல் 'பாகிஸ்தான் அரசு' என்று அச்சடித்துக் கொஞ்ச காலம் ஓட்டினார்கள்.

இந்தப் பங்கு பிரிக்கும் வேலையை முன்னின்று நடத்தியவர்கள் 2 அதிகாரிகள். இந்தியத் தரப்பில் ஹெச். எம். படேல், பாகிஸ்தான் தரப்பில் சௌத்ரி முகமது அலி. ஒரே அரசாங்கத்தில் வேலை பார்த்தவர்கள், ஒரே மாதிரி கோப்பு எழுதத் தெரிந்தவர்கள். பிறகு இருவரும் என்ன ஆனார்கள் என்று பாருங்கள். முகமது அலி அதிகாரியாக இருந்து நேரே நிதியமைச்சர் ஆனார். 1955இல் பிரதமரும் ஆனார். அதுவரை அந்த நாட்டில் ஒரு பொதுத்தேர்தல்கூட நடந்திருக்கவில்லை. படேலும் நிதியமைச்சர் ஆனார். ஆனால் அதற்கு அவர் வேலையை விட்டு, கட்சியில் சேர்ந்து, தேர்தலில் நின்று, ஓட்டுக் கேட்டு, 1977 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்போது அவருக்கு எழுபதைத் தாண்டிய வயது.

இந்தியாவும் பாகிஸ்தானும் ஏன் இவ்வளவு வேறு வேறாகப் போயின என்று யாராவது கேட்டால், இந்த இரண்டு பேரைத்தான் எனக்குச் சொல்லத் தோன்றும். மதம், ரத்தம், மனப்பான்மை என்று டீக்கடையிலும் தொலைக்காட்சியிலும் சொல்லப்படும் விடைகளை நான் நம்புவதில்லை. பாகப்பிரிவினைப் பட்டியலில் எழுதாமல் விட்ட சில சொத்துகள் இருந்தன. கதையே அங்கேதான்.

கட்சி யாருக்கு, நிலம் யாருக்கு

முதலாவது, கட்சி. காங்கிரசுக்குக் கிராமம் வரை கிளை இருந்தது. 1937 தேர்தலுக்குப் பிறகு மாகாணங்களில் ஆட்சி நடத்திய பழக்கம் இருந்தது. பாகிஸ்தான் கேட்ட முஸ்லிம் லீகின் உயிர் இருந்ததோ உத்தரப் பிரதேசத்திலும் பம்பாயிலும். அந்த இரண்டும் இந்தியாவோடு தங்கிவிட்டன. பாகிஸ்தானின் இதயமான பஞ்சாபில் லீகுக்குச் சொந்த வேர் கிடையாது; அங்கே செல்வாக்காக இருந்தது பெரிய நிலக்கிழார்களின் யூனியனிஸ்ட் கட்சி. அந்த நிலக்கிழார்கள் காற்று திரும்பியதைப் பார்த்துக் கடைசி இரண்டு மூன்று வருஷங்களில்தான் லீகுக்குள் வந்தார்கள். ஆக, ஒரு கட்சி தனக்கு ஓட்டுப் போட்ட ஊர்களை விட்டுவிட்டு, தன்னைச் சமீபத்தில்தான் தெரிந்துகொண்ட ஊர்களை ஆளப் போனது. முதல் பிரதமர் லியாகத் அலி கான் பிறந்தது கர்னாலில், இன்றைய ஹரியானாவில். பாகிஸ்தானில் அவருக்கு என்று சொந்தத் தொகுதி எது?

அதற்கு மேல் காலமும் சதி செய்தது. ஜின்னா 1948 செப்டம்பரில் காசநோயில் போய்ச் சேர்ந்தார். லியாகத் அலி கானை 1951 அக்டோபரில் ராவல்பிண்டியில் சுட்டுக் கொன்றார்கள். அடுத்த 7 வருஷத்தில் 6 பிரதமர்கள். இந்தப் பக்கம் நேரு 1964 வரை இருந்தார். 17 வருஷம் ஒருவர் நாற்காலியில் இருப்பது எப்போதுமே நல்லதா என்றால் இல்லை. ஆனால் அந்த 17 வருஷத்தில் 3 பொதுத்தேர்தல்கள் நடந்தன. முதலாவதில் மட்டும் 17 கோடிக்கு மேல் வாக்காளர்கள். அவர்களில் பெரும்பாலோர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்.

இரண்டாவது, நிலம். இந்தியாவில் 1950களின் தொடக்கத்திலேயே ஜமீன்தாரி முறையைச் சட்டம் போட்டு ஒழித்தார்கள். உச்சவரம்புச் சட்டங்களில் ஆயிரம் ஓட்டைகள். பினாமி பெயரில், நாய்க்குட்டி பெயரில்கூட நிலம் எழுதிய கதைகள் நமக்குத் தெரியும். இருந்தாலும் ஒரு நடுத்தர விவசாயி வர்க்கம் எழுந்து, மாநில அரசியலைக் கையில் எடுத்தது. பாகிஸ்தானில் ராணுவ ஆட்சி நடத்திய அயூப் கான் 1959இல் கொண்டுவந்த உச்சவரம்பு, பாசன நிலத்துக்கு 500 ஏக்கர், மானாவாரிக்கு 1000 ஏக்கர். சென்னை மாநிலம் 1961இல் வைத்த வரம்பு 30 தர ஏக்கர், அதாவது மண்ணின் தரத்தை வைத்துக் கணக்கிடும் ஏக்கர். 500 ஏக்கர் நஞ்சைக்குப் பெயர் உச்சவரம்பா! பிறகு ஆட்சிக்கு வந்த பூட்டோ 1972இல் 150 ஆக்கினார், 1977இல் 100 ஆக்கினார். 1989இல் உச்ச நீதிமன்றத்தின் ஷரியத் அமர்வு, நில உச்சவரம்பே இஸ்லாத்துக்கு ஒவ்வாதது என்று தீர்ப்பளித்து அந்தக் கதையை முடித்து வைத்தது. சிந்துவின் உட்பகுதியில் இன்றும் வாக்காளர் ஓட்டுப் போடுவது யாருக்கு என்பதை, அவர் உழும் நிலம் யாருடையது என்பதிலிருந்து ஊகித்துவிடலாம்.

தளபதியின் வீடு

மூன்றாவது சொத்து ராணுவம். அதைத்தான் பிரித்தார்களே என்று கேட்கலாம். ஆட்களைப் பிரித்தார்கள், அவர்கள் எந்த மாவட்டத்திலிருந்து வந்தார்கள் என்பதைப் பிரிக்க முடியவில்லை. பிரிட்டிஷார் பஞ்சாபிலிருந்துதான் அள்ளி அள்ளி ஆள் எடுத்தார்கள். ஜீலம், ராவல்பிண்டி, அட்டோக் பக்கத்தில் வீட்டுக்கு ஒரு சிப்பாய். ஓய்வுபெற்றவர்களுக்குக் கால்வாய்க் காலனிகளில், அதாவது கால்வாய் வெட்டிப் புதிதாக உண்டாக்கிய குடியேற்றங்களில், நிலம் கொடுத்தார்கள். இந்தியாவுக்கு வந்த படையிலும் பஞ்சாபியர் அதிகம்தான். ஆனால் பஞ்சாப் இங்கே பல மாநிலங்களில் ஒன்று. மேற்குப் பாகிஸ்தானில் பஞ்சாப்தான் வீடு, மற்றவை திண்ணை.

டெல்லியில் தீன்மூர்த்தி பவன் என்று ஒரு மாளிகை இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்தில் அது படைத் தலைமைத் தளபதியின் வீடு. வைஸ்ராய்க்கு அடுத்த ஆள் அவர்தான் என்பதை வீட்டின் அளவே சொல்லும். சுதந்திரத்துக்குப் பிறகு அந்த வீட்டுக்கு நேரு குடிபோனார். சின்ன விஷயம் மாதிரித் தெரியும். ஆனால் ஒவ்வொரு நாளும் டெல்லியில் கார் ஓட்டும் ஒவ்வொரு ராணுவ அதிகாரிக்கும் அந்த வாசல் ஒரு செய்தி சொன்னது. முதல் இந்தியத் தளபதி கரியப்பா 1953இல் ஓய்வு பெற்றதும் தூதராக ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பி வைத்தார்கள். 1955இல் தலைமைத் தளபதி என்ற பதவியையே எடுத்துவிட்டு, தரை, கடல், வான் மூன்றுக்கும் சம அந்தஸ்தில் 3 தளபதிகள் என்று ஆக்கினார்கள். ஒருவர் கையில் மொத்தப் படையும் வேண்டாம் என்ற கணக்கு.

அதே சமயத்தில் அங்கே? 1954 அக்டோபரில் அயூப் கான், தளபதி பதவியில் இருந்துகொண்டே பாதுகாப்பு அமைச்சரும் ஆனார். தனக்குத் தானே மேலதிகாரி. அதே மாதம் கவர்னர் ஜெனரல் குலாம் முகமது அரசியல் நிர்ணய சபையையே கலைத்தார். சபையின் தலைவர் தமிசுதீன் கான் நீதிமன்றத்துக்குப் போனார். சிந்து உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. 1955இல் தலைமை நீதிபதி முனீரின் ஃபெடரல் கோர்ட் கவிழ்த்தது. அவசியம் என்றால் சட்ட மீறலும் சட்டமே என்ற வாதம் அப்போது பிறந்தது. பின்னால் வந்த ஒவ்வொரு சர்வாதிகாரியும் அந்த வாதத்தைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டார். 1956இல் ஒருவழியாக அரசியல் சட்டம் வந்தது. அதன்படி தேர்தல் நடக்கும் முன்பே, 1958 அக்டோபரில் ராணுவச் சட்டம். அயூப், யாஹ்யா, ஜியா, முஷாரஃப் என்று எண்ணினால் 30 வருஷத்துக்கு மேல் வருகிறது. நடுநடுவே வந்த பிரதமர்களில் ஒருவர்கூட 5 ஆண்டுப் பதவிக் காலத்தை முழுதாக முடித்ததில்லை.

ராணுவம் ஆட்சியை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை, கடையும் போட்டது. முன்னாள் சிப்பாய்களின் நலனுக்கென 1954இல் உருவான ஃபௌஜி ஃபவுண்டேஷன் இன்று உரம், சிமென்ட், மின்சாரம், உணவு என்று எல்லாவற்றிலும் இருக்கிறது. லாகூரில் ஒரு குழந்தை காலையில் பாலில் போட்டுச் சாப்பிடும் கார்ன்ஃப்ளேக்ஸ்கூட ஃபௌஜி தயாரிப்பாக இருக்கலாம். பெருநகரங்களில் நல்ல வீட்டு மனை என்றால் ராணுவத்தின் வீட்டுவசதிக் குடியிருப்புதான் நினைவுக்கு வரும்.

இதற்குத் தீனி போட்டது வெளிப்பணம். 1950களில் அமெரிக்காவோடு ராணுவக் கூட்டணி, 1980களில் ஆப்கன் போர், 2001க்குப் பிறகு இன்னொரு ஆப்கன் போர். மூன்று முறையும் டாலர் கொட்டியபோது நாற்காலியில் இருந்தவர், அல்லது அதில் உட்காரப் போகிறவர், ஒரு தளபதி. மக்களிடம் வரி வாங்கினால்தான் மக்களிடம் கணக்குச் சொல்ல வேண்டிவரும். பணம் வெளியிலிருந்து வந்தால் கணக்கும் வெளியில்தான்.

டாக்காவும் சென்னையும்

இந்தக் கதையில் தமிழ் வாசகர் நின்று பார்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டு.

பாகிஸ்தான் பிறந்தபோது மக்கள்தொகையில் பாதிக்கும் மேல் கிழக்கில், வங்காளத்தில் இருந்தார்கள். உருதுவைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் மொத்த நாட்டில் சில சதவீதமே. ஆனாலும் உருது மட்டுமே அரசு மொழி என்று 1948இல் டாக்காவுக்கே வந்து ஜின்னா அறிவித்தார். 1952 பிப்ரவரி 21 அன்று டாக்கா பல்கலைக்கழக மாணவர்கள் மீது துப்பாக்கிச் சூடு. 1954இல் கிழக்கில் மாகாணத் தேர்தல் நடந்தது. லீக் துடைத்தெறியப்பட்டு ஐக்கிய முன்னணி வந்தது. அந்த அரசை இரண்டு மாதத்துக்குள் கராச்சி கலைத்தது. பிறகு மேற்கின் எல்லா மாகாணங்களையும் ஒன்றாகத் தைத்து ஒரே அலகு ஆக்கினார்கள். கிழக்குக்கும் மேற்குக்கும் சரிபாதி இடம் என்றார்கள். பெரும்பான்மையைப் பாதியாகக் குறைக்கும் கணக்கு அது. பொதுத்தேர்தல் தள்ளிக்கொண்டே போனதற்கும் இதே பயம்தான் காரணம். ஓட்டு எண்ணினால் வங்காளிகள் ஜெயிப்பார்கள்.

1970 டிசம்பரில் கடைசியில் எண்ணியே விட்டார்கள். கிழக்கில் இருந்த 162 பொதுத் தொகுதிகளில் முஜிபுர் ரஹ்மானின் அவாமி லீக் 160இல் வென்றது. மொத்தம் 300 பொதுத் தொகுதிகள் கொண்ட சபையில் அது தனிப்பெரும்பான்மை. பிரதமர் நாற்காலி அவருடையது. அவருக்குக் கிடைத்ததோ மேற்குப் பாகிஸ்தானில் ஒரு சிறை அறை. 1971 மார்ச் 25 இரவு டாக்காவில் ராணுவம் இறங்கியது. டிசம்பர் 16 அன்று நாடே இரண்டானது.

இப்போது சென்னைக்கு வருவோம். பொட்டி ஸ்ரீராமுலு 1952 டிசம்பரில் சென்னையில் உண்ணாவிரதம் இருந்து உயிர்விட்டார். அடுத்த ஆண்டே ஆந்திரம் பிறந்தது, 1956இல் மொழிவழி மாநிலங்கள் வந்தன. 1965 ஜனவரியில் இந்தித் திணிப்பை எதிர்த்து மாணவர்கள் தெருவுக்கு வந்தபோது இங்கேயும் துப்பாக்கிச் சூடு நடந்தது, இங்கேயும் பிணங்கள் விழுந்தன. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் டெல்லி பின்வாங்கியது. 1967இல் ஆட்சிமொழிச் சட்டத்தைத் திருத்தி ஆங்கிலத்துக்கு உத்தரவாதம் கொடுத்தது. அதே 1967இல், சில வருஷம் முன்பு வரை தனிநாடு கேட்ட கட்சியின் தலைவர் அண்ணா, தேர்தலில் ஜெயித்து முதலமைச்சர் ஆனார். கோட்டையில் அவருக்கு வழிவிட்டு பக்தவத்சலம் இறங்கிப்போனார்.

அண்ணாவுக்குக் கோட்டை, முஜிபுக்குச் சிறை. 4 வருஷ இடைவெளியில் நடந்த இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் இரண்டு நாடுகளின் வித்தியாசம் பெரும்பாலும் புரிந்துவிடும். தோற்றவர் நாற்காலியை விட்டு எழுந்தாரா இல்லையா, அவ்வளவுதான். இந்தியா எல்லா இடத்திலும் எழுந்துகொண்டதா என்றால் அதுவும் இல்லை. 1959இல் கேரளத்தில் நம்பூதிரிபாட் அரசைக் கலைத்தது டெல்லிதான். 1975இல் நெருக்கடிநிலை வந்தது. 1987இல் காஷ்மீரில் ஓட்டுகளில் கைவைத்ததன் விலையை இன்றுவரை கொடுத்துக்கொண்டிருக்கிறோம். எங்கெல்லாம் இந்தியா பாகிஸ்தானைப் போல நடந்ததோ அங்கெல்லாம் பாகிஸ்தானின் விளைவுகளே வந்திருக்கின்றன.

யார் முந்தினார்கள்?

சரி, வளர்ச்சிக் கணக்குக்கு வருவோம். இங்கே நம்மவர்கள் பலருக்குத் தெரியாத ஒரு சங்கதி: கடந்த நூற்றாண்டின் இறுதி வரை தலா வருமானத்தில் பாகிஸ்தான்தான் இந்தியாவைவிடக் கொஞ்சம் மேலே இருந்தது. 1960களில் அயூப் ஆட்சியில் பொருளாதாரம் வேகமாக வளர்ந்தது. நாம் லைசென்ஸுக்காக வரிசையில் நின்ற காலம் அது.

அந்த வளர்ச்சி யாருக்குப் போனது என்று கேட்டவர் வெளியாள் இல்லை. பாகிஸ்தான் திட்டக் குழுவின் தலைமைப் பொருளாதார நிபுணர் மஹ்பூப் உல் ஹக்தான் கேட்டார். நாட்டின் தொழில், வங்கி, காப்பீட்டின் பெரும்பகுதி 22 குடும்பங்களின் கையில் இருக்கிறது என்று 1968இல் பகிரங்கமாகச் சொன்னார். உற்பத்தி எண்ணை மட்டும் பார்த்து ஏமாந்தோம் என்ற அந்த மனக்கசப்பிலிருந்துதான், 1990இல் ஐ.நா. வெளியிடத் தொடங்கிய மனிதவள மேம்பாட்டு அறிக்கை பிறந்தது. ஹக்குக்குத் துணை நின்றவர் கேம்பிரிட்ஜ் நண்பர் அமர்த்தியா சென். ஹக் பிறந்தது ஜம்முவில், சென்னின் பூர்வீகம் டாக்கா பக்கம். உலகமே இன்று தன்னை அளந்துகொள்ளும் அளவுகோலைச் செய்தவர்கள் பிரிவினையின் இரண்டு பக்கத்துப் பிள்ளைகள். அந்த அளவுகோலில் 2025 அறிக்கைப்படி பாகிஸ்தான் 168ஆம் இடம். இந்தியா 130. சந்தோஷப்படும் முன் அடுத்த வரியையும் படித்துவிடுங்கள்: பங்களாதேஷும் அதே 130.

இந்தியாவுக்குத் திருப்பம் 1991. கையில் சில வார இறக்குமதிக்கே அந்நியச் செலாவணி. 47 டன் தங்கத்தை லண்டனுக்கு அனுப்பி அடகு வைத்தோம். வீட்டு நகையை அடகு வைத்த குடும்பத்துக்கு வருகிற வைராக்கியம் வந்தது. சீர்திருத்தம் செய்து, பன்னாட்டு நிதியத்தின் (ஐ.எம்.எஃப்.) கடனை அடைத்து, அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போகவில்லை. அப்போது நிதியமைச்சராக இருந்த மன்மோகன் சிங் பிறந்தது காஹ் என்ற கிராமத்தில். அது இன்று பாகிஸ்தானில் இருக்கிறது. முஷாரஃப் பிறந்தது பழைய டெல்லியில். பாகப்பிரிவினை இவர்களையும் இடம் மாற்றித்தான் பங்கு போட்டது.

பாகிஸ்தான் அதே நிதியத்தின் வாசலுக்கு இருபது தடவைக்கு மேல் போய்விட்டது. 2024 செப்டம்பரிலும் 700 கோடி டாலர் கடன். 2025–26 பட்ஜெட் மொத்தம் 17.57 லட்சம் கோடி பாகிஸ்தான் ரூபாய். அதில் வட்டிக்கு மட்டும் 8.2 லட்சம் கோடி, ராணுவத்துக்கு 2.55 லட்சம் கோடி. 2025 மே மாதம் இந்தியாவோடு நடந்த மோதலுக்குப் பிறகு வந்த பட்ஜெட் என்பதால் மொத்தச் செலவைக் குறைத்தும் ராணுவச் செலவை 20 சதவீதம் கூட்டினார்கள். இரண்டரைக் கோடிக்கும் மேல் குழந்தைகள் பள்ளிக்கு வெளியே இருக்கும் நாடு அது. மின்வெட்டும் கட்டணமும் தாங்காமல் ஜனங்கள் கூரையில் சோலார் தகட்டை அடுக்கிக்கொள்கிறார்கள். 2024இல் மட்டும் சீனாவிலிருந்து 17 கிகாவாட் அளவுக்குத் தகடு வந்து இறங்கியது. பசுமைப் புரட்சி என்று வெளிநாட்டுப் பத்திரிகைகள் மெச்சுகின்றன. அரசாங்கத்தை நம்பிப் பயனில்லை என்று ஒரு சமூகமே கம்பியைத் துண்டித்துக்கொள்வதாக எனக்குப் படுகிறது.

அப்புறம் பங்களாதேஷ். மதம்தான் காரணம் என்பவர்களுக்கு அந்த நாடு ஒரு நேரடிப் பதில். 1951 கணக்கெடுப்பில் கிழக்கில் 4 கோடிக்கு மேல், மேற்கில் 3 கோடியே சொச்சம். இன்று அதே மேற்கு 24 கோடி. கிழக்கு 17 கோடி அளவு. தலைகீழாகிவிட்டது. மாயம் எதுவும் இல்லை. ஊர் ஊராக, வீடு வீடாகப் போன பெண் சுகாதாரப் பணியாளர்கள் செய்த வேலை. பர்தாவுக்குள் இருந்த பெண்ணிடம் பேச இன்னொரு பெண் போனாள், அவ்வளவுதான். பிறகு 1979இல் தேஷ் கார்மெண்ட்ஸ் என்ற நிறுவனம் 130 பேரைத் தென்கொரியாவில் தேவூ ஆலைக்கு அனுப்பித் தையல் தொழில் கற்றுவரச் செய்தது. திரும்பி வந்தவர்களில் பலர் சொந்தமாக ஆலை போட்டார்கள். பருத்தி பாகிஸ்தானில் விளைகிறது. பங்களாதேஷில் அநேகமாக விளைவதே இல்லை. ஆனால் ஆயத்த ஆடை ஏற்றுமதியில் சீனாவுக்கு அடுத்த வரிசையில் வந்து உட்கார்ந்தது பங்களாதேஷ். திருப்பூர்க்காரர்களைக் கேட்டால் அந்தப் போட்டியின் வலி தெரியும். அந்த ஆலைகளின் இன்னொரு முகம் ராணா பிளாசா: 2013இல் கட்டடம் இடிந்து 1,134 பேர் செத்தார்கள்.

அங்கேயும் நாற்காலிப் பிரச்சினை விடவில்லை. எதிர்க்கட்சி ஜெயிக்க முடியாத தேர்தல்களாக நடத்திக்கொண்டே போன ஷேக் ஹசீனா, 2024 ஆகஸ்ட் 5 அன்று ஹெலிகாப்டர் ஏறி இந்தியாவுக்கு ஓடிவர வேண்டியதாயிற்று. ஓட்டுப் பெட்டியில் தோற்றிருந்தால் டாக்காவிலேயே எதிர்க்கட்சித் தலைவராக இருந்திருக்கலாம்.

இந்தியாவுக்குள்ளேயும் இதே மாதிரி நாடுகள் இருக்கின்றன என்பதை ஒப்பீட்டு ஆர்வலர்கள் மறந்துவிடுவார்கள். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வில் ஒரு பெண்ணுக்குச் சராசரிக் குழந்தைகள் தமிழ்நாட்டில் 1.8, பீகாரில் 3. பாகிஸ்தானுக்குப் பக்கத்தில் நிற்பது பீகார்தான். அங்கேயும் ஜமீன் பிடி விடாமல் நெடுங்காலம் இருந்தது என்பது தற்செயல் இல்லை.

உப்பு

பிரிந்த வீடுகளுக்கு நடுவே கொல்லைப்புறக் கதவு ஒன்றையாவது விட்டு வைப்பார்கள். இங்கே அதுவும் படிப்படியாக மூடிப்போனது. பிரிந்த புதிதில் பாகிஸ்தானின் ஏற்றுமதியில் பாதிக்கும் மேல் இந்தியாவுக்குத்தான் வந்தது. சணல் விளைந்தது கிழக்கு வங்காளத்தில். அதை நெய்யும் ஆலைகள் கல்கத்தாவில், ஹூக்ளிக் கரையில். 1949 செப்டம்பரில் பிரிட்டனைப் பின்பற்றி இந்தியா ரூபாயின் மதிப்பைக் குறைத்தது, பாகிஸ்தான் குறைக்கவில்லை. 100 பாகிஸ்தான் ரூபாய்க்கு 144 இந்திய ரூபாய் என்றானது. அந்தக் கணக்கை ஏற்க மாட்டோம் என்று டெல்லி சொல்ல, சணல் நின்றது. பதிலுக்கு நிலக்கரி நின்றது. ஒரு குண்டுகூட வெடிக்காமல் ஒரு முழுப் பொருளாதாரம் வெட்டுப்பட்டது. தண்ணீருக்கு மட்டும் 1960இல் சிந்து ஒப்பந்தம் போட்டார்கள். 1965, 1971, கார்கில் என எல்லாப் போர்களையும் தாண்டி அது ஓடியது. 2025 ஏப்ரலில் பஹல்காமில் 26 பேர் கொல்லப்பட்ட மறுநாள் அதையும் இந்தியா நிறுத்தி வைத்தது. தெற்காசிய நாடுகள் தங்களுக்குள் செய்துகொள்ளும் வாணிபம் அவற்றின் மொத்த வாணிபத்தில் 5 சதவீதம் அளவே. ஆசியான் நாடுகளிடையே அது 20 சதவீதத்துக்கும் மேல்.

இதெல்லாம் நமக்கு ரொம்ப தூரம் என்று தோன்றினால் நாட்டு மருந்துக் கடை வரை போய்வரலாம். இந்துப்பு என்று கேட்டால் இளஞ்சிவப்பாக ஒரு கல்லை எடுத்துத் தருவார்கள். சைந்தவ லவணம் என்பது அதன் சமஸ்கிருதப் பெயர். சைந்தவம் என்றால் சிந்து தேசத்தது. அந்தக் கல்லின் பெரிய சுரங்கம் பாகிஸ்தான் பஞ்சாபின் ஜீலம் மாவட்டத்தில், கேவ்ரா என்ற ஊரில் இருக்கிறது. மேலே சொன்ன, வீட்டுக்கு ஒரு சிப்பாய் கொடுத்த அதே ஜீலம். புல்வாமா தாக்குதலுக்குப் பிறகு 2019இல் பாகிஸ்தான் பொருள்களுக்கு இந்தியா 200 சதவீத வரி போட்டது. 2025 மே மாதம் நேராகவோ வேறு நாடு சுற்றியோ எதுவும் வரக்கூடாது என்று முழுத் தடை விதித்தது.

தடை வந்து சில வாரம் கழித்து, வழக்கமாக வாங்கும் கடையில் இந்துப்பு விலை ஏறியிருந்தது. பாகிஸ்தானிலிருந்து வரத்து நின்றுவிட்டதா என்று கேட்டேன். கடைக்காரருக்குக் கோபமே வந்துவிட்டது. "பாகிஸ்தான் உப்பெல்லாம் நாங்க விக்கிறதில்ல சார், இது இமயமலை உப்பு" என்றார். பாக்கெட்டிலும் அப்படித்தான் போட்டிருந்தது, பனி மூடிய மலைப் படத்தோடு. கால் கிலோ வாங்கிக்கொண்டு வந்தேன்.